கருப்பைக் கழுத்துத் தளர்ச்சியும் அதன் குறியீடும்

ஒரு பொருளை அறிதலும் அதற்குப் பெயரிடுதலும் தம்முள் நெருங்கிய தொடர்புடையன. பொருளைச் செவ்வனே அறியாதார் இட்ட பெயர் பிறரை மயக்கும். பெயர் பிழைபட்டவழிப் பொருளைப் பற்றிய எண்ணமும் பிழைபடும். இவ்வுண்மை இலக்கணம் கற்பார்க்கு மட்டும் உரியதன்று; நோய் தீர்க்கும் மருத்துவர்க்கும், அவர் எழுதி வைத்தவற்றைக் குறிகளாக மாற்றும் குறியீட்டாளர்க்கும் அஃது ஒப்ப உரியதாகும். தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் மருத்துவப் பொருளொன்றை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். கருவுற்ற தாய்மார் சிலர்க்கு நேரும் கருப்பைக் கழுத்துத் தளர்ச்சி என்பதனை, உறுப்பின் இயல்பு, நோயும் காரணமும், அறியும் வாயில், தீர்க்கும் முறை, குறியீடு என ஐந்து கூறாக வகுத்து ஈண்டு ஆராய்வாம்.

இப்பொருள் பெண்பாலார்க்கே உரியது, ஏனையோர் அறியவேண்டுவதன்று எனச் சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது. கரு நிலையாது நீங்கிய வீட்டில், “மாடிப்படி ஏறினாள், குடம் சுமந்தாள், சொன்ன சொல் கேட்டிலள்” என்று தாயின்மேற் பழி சுமத்துவார் இன்றும் உளர். அப்பழிக்கு வேர் அறியாமையே. கணவனும் மாமியும் உடன்பிறந்தாரும் உண்மை அறிந்திருப்பின், மகவை இழந்த மாதின் துயரத்தோடு பழியும் சேர்ந்து அவளை வருத்தாது. ஆதலின் இஃது அனைவரும் அறியற்பாலதே.

1. உறுப்பின் இயல்பு

கருப்பை தலைகீழாக நிறுத்திய பேரிக்காய் போன்ற வடிவினது. அதன் மேற்பகுதி அகன்றது, கீழ்ப்பகுதி ஒடுங்கியது. ஒடுங்கிய அப்பகுதியே கழுத்து எனப்படும். இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கும் ‘செர்விக்ஸ்’ என்னும் சொல்லுக்கும் கழுத்து என்பதே பொருள். கழுத்தின் நடுவே ஒரு நுண்ணிய வழி உண்டு. அவ்வழியின் மேல்முனை உள்வாய் என்றும், கீழ்முனை புறவாய் என்றும் பெயர் பெறும். கருவுற்ற காலத்து அவ்வழியைச் சளி போன்ற தடித்த பொருளொன்று அடைத்து நின்று, கீழிருந்து நோய்க் கிருமிகள் ஏறாவண்ணம் காக்கும்.

கருப்பையின் உடற்பகுதி பெரும்பாலும் தசையால் ஆயது. கழுத்தோ பெரும்பாலும் நார்ப்பொருளால் ஆயது. தசை சுருங்கி விரிவது. நார் இறுகத் தாங்குவது. ஆதலின் நாளும் வளரும் மகவையும், அதனைச் சூழ்ந்த பனிக்குடத்தையும், நீரையும் கீழே நழுவவிடாது தாங்குந் தொழில் கழுத்தின்பாற்பட்டது. கருவுற்ற பெண்டிரிடத்து அதன் நீளம் இடைக்காலத்தில் ஏறத்தாழ 3 முதல் 4 செண்டிமீட்டர் அளவினதாகும். பேறுகாலம் நெருங்கியவழி அது மென்மையுற்றுக் குறுகி, நோவு எழுந்தபின் 10 செண்டிமீட்டர் அளவுக்குத் திறந்து மகவுக்கு வழிவிடும். மூடவேண்டிய காலத்து மூடியிருத்தலும், திறக்கவேண்டிய காலத்துத் திறத்தலுமாகிய இரண்டும் அதன் கடன்கள். காலம் மாறித் திறத்தலே ஈண்டு நாம் ஆராயும் நோயாம்.

2. நோயும் காரணமும்

கருவுற்ற காலத்தை மருத்துவர் மூன்று மும்மாதங்களாகப் பகுப்பர். அவற்றுள் இடை மும்மாதத்தில், நோவு யாதும் இன்றியே கழுத்துக் குறுகி, மென்மையுற்று, திறக்கத் தலைப்படுவதனைக் கழுத்துத் தளர்ச்சி என்பர். உள்வாய் முதலில் நெகிழும், பனிக்குடம் அந்நெகிழ்ச்சியினூடு புனல் வடிவாகக் கீழிறங்கும், பின்னர்ப் புறவாயும் திறக்கும், குடம் உடையும், தனித்து உயிர்வாழும் ஆற்றல் பெறாத மகவு பிறந்துவிடும். மற்றைக் குறைப்பேறுகளில் வலி முன்னர் வரும். வாய் பின்னர்த் திறக்கும். இந்நோயிலோ வாய் முன்னர்த் திறக்கும். வலி பின்னர்ச் சிறிதே வரும், அல்லது வாராதும் ஒழியும். இதுவே இதன் கொடுமை. எச்சரிக்கும் வலி இன்மையால், தாய் நிகழ்வதனை அறியாள்.

எனினும் அடையாளம் அறவே இல்லை என்றற்கில்லை. அடிவயிற்றில் ஏதோ அழுத்துவது போன்ற கனம், புதிதாகத் தோன்றும் இடுப்புக் குடைச்சல், வெள்ளைப்படுதல் மிகுதலும் நிறம் மாறுதலும், சிறு உதிரக்கறை முதலியன சிலரிடத்துக் காணப்படும். இவை நலமுடைய கருப்பத்தினும் தோன்றக் கூடுமாதலின் தாய்மார் புறக்கணித்து விடுவர். நான்காம் மாதத்தின்பின் இவற்றுள் யாதாயினும் தோன்றின் மருத்துவரிடம் உடனே உரைத்தல் நன்று.

காரணங்கள் பிறவிக்கண் அமைந்தன, பின்னர் வந்தன என இருவகைப்படும். உடலின் நார்ப்பொருளே இயல்பில் வலுவற்றிருக்கும் பிறவி நோய்களும், கருப்பை வடிவு மாறி அமைதலும் முன்னைய வகையின. ‘டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால்’ என்னும் மருந்து 1940-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி அமெரிக்காவிற் கருவுற்ற மகளிர்க்கு, கரு நிலைக்கும் என்னும் நம்பிக்கையால் கொடுக்கப்பட்டது. 1971-இல் அதன் தீங்கு வெளிப்பட்டு, கருவுற்றார்க்கு அதனைக் கொடுத்தலாகாது என அந்நாட்டு அரசு எச்சரித்தது. அதனை உண்ட தாயரின் பெண்மக்கள் பலர்க்குக் கருப்பையும் கழுத்தும் வேறுபட்டு அமைந்தன. கருவைக் காக்கக் கொடுத்த மருந்தே அடுத்த தலைமுறையின் கருவுக்குக் கேடாயிற்று என்பது நினைந்து அஞ்சற்பாலது.

பின்னர் வந்தனவற்றுள், முந்திய பேற்றிற் கழுத்துக் கிழிதல், கருவியால் வலிந்து விரித்தல், புற்றுநோய்க்கு முந்திய நிலையை நீக்குதற்பொருட்டுக் கழுத்தின் ஒரு பகுதியைக் கூம்பு வடிவாக அறுத்தெடுத்தல் என்பன குறிப்பிடத்தக்கன. காரணம் இன்னதென ஒன்றும் புலப்படாத தாய்மாரும் பலர் உளர். வீட்டுவேலை செய்தமையும் படியேறினமையும் இக்காரணங்களுள் வைத்து எண்ணப்படவில்லை என்பதனை யாம் மீட்டும் வற்புறுத்துகின்றோம்.

3. அறியும் வாயில்

கருவுறுமுன்னரே இந்நோயைத் துணிந்து காட்டும் சோதனை யாதும் இல்லை. ஆதலின் மருத்துவர் மூன்று வாயில்களால் இதனை அறிவர். முதலாவது வரலாறு. இடை மும்மாதத்தில் வலியின்றியே கருவை இழந்தமை முன்னர் நிகழ்ந்திருப்பின், அஃது இந்நோயைச் சுட்டும். இரண்டாவது அளவு. ‘ஸ்கேன்’ என வழங்கும் மீயொலிக் காட்சியாற் கழுத்தின் நீளத்தை அளப்பர். வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதினும் பிறப்புவழியாகப் பார்ப்பது திருத்தமான அளவைத் தரும். 24 வாரத்திற்கு முன் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறையின் அது குறுங்கழுத்து எனப்படும். முன்னர்க் குறைப்பேறு கண்ட தாய்மார்க்கு 16-ஆம் வாரம் தொடங்கி 24-ஆம் வாரம் வரை, ஒன்றிரண்டு வாரங்கட்கு ஒருமுறை இவ்வாறு அளத்தல் வழக்கம். மூன்றாவது நேரிற் காண்டல். கழுத்துத் திறந்து பனிக்குடம் தோன்றுவதனை மருத்துவர் சோதித்துக் காண்பது அது.

ஈண்டு ஒரு வேற்றுமை கருதத்தக்கது. குறுங்கழுத்து என்பது ஓர் அளவு. கழுத்துத் தளர்ச்சி என்பது ஒரு நோய்த் துணிபு. குறுங்கழுத்துடையார் பலர் நிறைமாதத்தில் மகவு பெறுகின்றனர். அளவை நோயெனக் கொள்ளுதலும், நோயை வெறும் அளவெனக் கொள்ளுதலும் தவறு. இவ்வேற்றுமை பின்னர்க் குறியீட்டை ஆராயும்வழி மிக வேண்டப்படும்.

4. தீர்க்கும் முறை

இந்நோய்க்குச் சிறந்த தையல் முறையை உலகுக்கு அளித்தவருள் முதல்வராக எண்ணப்படுபவர் நம் நாட்டினரே. 1899-ஆம் ஆண்டிற் பிறந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் பயின்ற விட்டல் நாகேஷ் சிரோத்கர் என்பார், நான்காம் மாதத்திற்கும் ஏழாம் மாதத்திற்கும் இடையே மீட்டும் மீட்டும் கருவிழக்கும் பெண்டிர் சிலரை ஓய்வும் மருந்தும் காத்தில என்பதனைக் கண்டார். கழுத்தின் வலுக்குறைவே காரணமெனத் துணிந்து, தொடைத் தசையை மூடியுள்ள நார்ப்பட்டையினின்று ஒரு சிறு கீற்றை எடுத்து, உள்வாய் மட்டத்திற் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். இம்முறையை விளக்கும் அவர் கட்டுரை 1955-இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது, 1904-இல் மருத்துவர் யு. ராமராவ் சென்னையில் தொடங்கிய ‘ஆன்டிசெப்டிக்’ என்னும் மருத்துவ இதழாகும். உலகெங்கும் மகப்பேற்று மருத்துவர் கையாளும் ஒரு முறை முதன்முதல் அச்சேறியது நம் தலைநகரத் தொடர்புடைய இதழில் என்பது தமிழ் மக்கள் மகிழ்தற்குரிய செய்தி. சிரோத்கர் 1960-இல் பத்மபூஷண் விருதும், 1971-இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார். 1971-ஆம் ஆண்டிலேயே காலமானார்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மருத்துவர் ஐயன் மெக்டொனால்ட் 1957-இல் இதனினும் எளிய முறையொன்றை வெளியிட்டார். சுருக்குப்பையின் வாயைச் சுற்றி நூல் கோத்து இழுப்பதுபோலக் கழுத்தைச் சுற்றி ஊசியால் நூலோட்டி இறுக்குவதே அம்முறை. இன்று பெரிதும் வழங்குவது இதுவே. இவ்விரண்டும் பயன்படாதபோழ்து, வயிற்றைத் திறந்து உள்வாய்க்கு அணித்தே கட்டுகின்ற முறையை அமெரிக்க மருத்துவர் பென்சன், டர்ஃபீ என்னும் இருவர் 1965-இல் உரைத்தனர். இத்தையல்கட்குப் பொதுப் பெயர் ‘செர்க்ளாஜ்’ என்பது. பீப்பாய்க்குப் பட்டை பூட்டி இறுக்குதல் என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். காரணம் பற்றி வந்த பெயர்கட்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

தையல் யார்க்கு ஆகும்? வலியின்றி இடை மும்மாதத்திற் கருவிழந்த வரலாறுடையார்க்கு 13, 14-ஆம் வாரங்களை ஒட்டி இடுவது ஒன்று. முன்னர்க் குறைப்பேறு கண்டு, இப்போது ஒற்றைக் கருவுடையாராய், 24 வாரத்திற்கு முன் கழுத்து 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தார்க்கு இடுவது மற்றொன்று. கழுத்துத் திறந்தமை கண்ணாற் கண்டபின் இடுவது மூன்றாவது. நோவு தொடங்கியபின்னும், பனிக்குடம் உடைந்தபின்னும், கருப்பையுள் நோய்க்கிருமி பரவியவிடத்தும், மிக்க உதிரப்போக்கு உள்ளவழியும் தையல் இடுதல் கூடாது. இடர் யாதும் நேராதாயின் 36 அல்லது 37-ஆம் வாரத்தில் நூலை நீக்குவர். இயல்பான பேறு அதன்பின் நிகழலாம். வயிற்றுவழி இட்ட தையலுக்கோ மகவை அறுவையாலேயே எடுத்தல் வேண்டும்.

தையல் அனைவரையும் காக்கும் கவசம் அன்று. 1993-இல் வெளியான பெரியதோர் ஆய்வில் 1,292 பெண்டிர் பங்குகொண்டனர். தையல் பெற்றாருள் நூற்றுக்கு 13 பேரும், பெறாதாருள் நூற்றுக்கு 17 பேரும் 33 வாரத்திற்கு முன் ஈன்றனர். அஃதாவது, ஏறத்தாழ 25 பேர்க்குத் தையலிட்டால் ஒருவர்க்கு அம்முன்பேறு தவிர்க்கப்படும். வேண்டுவார் இன்னாரெனத் தெரிந்து இடுதலே அறிவுடைமை என்பது இதனாற் பெறப்படும். நூலின் வகை பற்றியும் ஆய்ந்தனர். ஒற்றையிழை நூலுக்கும் பின்னிய நூலுக்கும் கருவிழப்பில் வேறுபாடு இல்லை என 2022-இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது.

முன்வரலாறு இல்லாது குறுங்கழுத்து மட்டும் உடையார்க்குப் புரோஜெஸ்டிரோன் என்னும் மருந்து பிறப்புவழியாக வைக்கப்படும். கழுத்து 15 மில்லிமீட்டரோ அதனிற் குறைவோ ஆயினாரிடத்து இதனைக் கொடுத்தபோது, 34 வாரத்திற்கு முந்திய பேறு நூற்றுக்கு 34 என்பதினின்று 19 ஆகக் குறைந்ததென 2007-இல் வெளியான ஆய்வு கூறும். அதற்கு இனமாகிய ஊசிமருந்தொன்று அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர்ப் பயனின்மை புலப்பட்டு 2023-இல் விலக்கப்பட்டது. கழுத்தைச் சுற்றி வைக்கும் வளையமும் முதலிற் பெரிதும் நம்பப்பட்டது. 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அந்நம்பிக்கையைத் தளர்த்தியது. படுக்கையிலேயே கிடத்தி வைத்தல் என்னும் பழைய வழக்கிற்கும் பயன் நிறுவப்படவில்லை. நெடுநாட் கிடத்தலால் உதிரம் உறைதலும் தசை மெலிதலும் நேரலாம் என மருத்துவர் எச்சரிப்பர். பேறு தவிர்க்கவியலாது நெருங்கின், மகவின் நுரையீரல் முதிர்தற்பொருட்டுத் தாய்க்கு ஊசியிடும் முறை உண்டு. 1972-இல் நியூசிலாந்து நாட்டு லிக்கின்ஸ், ஹோவி என்னும் இருவர் அதன் பயனை நிறுவினர்.

5. குறியீடு

இனிக் குறியீட்டை நோக்குவாம். நோய்களை எண்ணி வகுத்துப் பெயரிடும் முயற்சி நெடுநாளையது. பிரெஞ்சுப் புள்ளியியலறிஞர் ழாக் பெர்த்தியோன் வகுத்த இறப்புக் காரணப் பட்டியல் 1893-இல் சிக்காகோ நகரில் ஏற்கப்பட்டது. 1948-இல் உலக நல நிறுவனம் அதனை மேற்கொண்டு, இறப்பிற்கேயன்றி நோய்க்கும் உரிய பட்டியலாக விரித்தது. அதன் பத்தாம் பதிப்பு 1990-இல் ஏற்கப்பட்டது. அமெரிக்கர் அதனைத் தமக்கேற்பப் பெருக்கி 2015 அக்டோபர் முதல் நாள் தொட்டு மருத்துவமனைகளிற் கையாளுகின்றனர். பதினோராம் பதிப்பு 2022-இல் உலகளவில் நடைமுறைக்கு வந்ததாயினும், அமெரிக்காவில் இன்னும் பத்தாம் பதிப்பின் வழிப்பட்டதே வழங்குகின்றது. அந்நாட்டு மருத்துவமனைகளின் பதிவுகளைப் படித்துக் குறியிடும் தொழிலிற் சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிற் பட்டம் பெற்ற இளைஞர் பலர் அமர்ந்துள்ளனர். கடல் கடந்த தாயொருத்தியின் துயரம் நம்மூர் இளைஞர் ஒருவரின் மேசைமேல் எழுத்தும் எண்ணுமாக வந்து நிற்கின்றது.

கருவுற்றார் நோய்கட்கெல்லாம் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து முதலாகும். கழுத்துத் தளர்ச்சிக்குரிய தலைக்குறி ஓ 34.3 என்பது. அதன் இறுதியிற் சேரும் எண் காலம் காட்டும். ஓ 34.31 முதன் மும்மாதம், ஓ 34.32 இடை மும்மாதம், ஓ 34.33 கடை மும்மாதம், ஓ 34.30 காலம் குறிப்பிடப்படாதது. நம் மொழியில் வினைச்சொல்லின் இடைநிலை காலம் காட்டுமாறு போல, இக்குறியின் ஈற்றெண் காலம் காட்டுகின்றது. 14 வாரம் நிறையாதது முதன் மும்மாதம். 14 வாரம் நிறைந்தது முதல் 28 வாரம் நிறையுமுன் இடை மும்மாதம். அதன்மேல் கடை மும்மாதம். இத்துணை வாரம் என்பதனை இசட் 3ஏ என்னும் துணைக்குறியால் தனித்துக் காட்டுவர். 20 வாரமாயின் இசட் 3ஏ.20 என்பர். கருவுறாத காலத்து இந்நோய்க்குரிய குறி என் 88.3. குறுங்கழுத்துக்கோ ஓ 26.87 என்னும் தலைக்குறி வேறே உண்டு. அதன்கண் இடை, கடை மும்மாதங்கட்கு மட்டும் எண் வகுத்துளர். முதன் மும்மாதத்திற்கு இல்லை. அம்முதற்காலத்துக் கழுத்தின் அளவு பயன்தாராது என்னும் மருத்துவ வழக்கோடு அஃது ஒத்துளது.

நோய்க்குறி ‘ஏன்’ என்பதற்கு விடை. செயற்குறி ‘யாது செய்தனர்’ என்பதற்கு விடை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் செயற்பட்டியலில், பிறப்புவழித் தையலுக்கு 59320 என்பதும், வயிற்றுவழித் தையலுக்கு 59325 என்பதும் குறிகள். நூலை நீக்குதற்கு 59871 என்னும் குறி உண்டு. ஆயின் அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்யும் மருந்தினும் மேற்பட்ட மயக்கம் கொடுத்து நீக்கியவழியே அதனை இடலாம். இதனை மறந்து இடுவார் பெறாத செயலுக்குப் பொருள் கேட்டவராவர்.

மருத்துவமனையில் தங்கிச் செய்துகொண்ட தையலுக்கு ஏழுறுப்புக் குறியொன்று உளது. முதலில் நிற்கும் 0 மருத்துவ அறுவைப் பிரிவையும், இரண்டாவதாகிய ‘யூ’ பெண்ணின் பிறப்புறுப்புத் தொகுதியையும், மூன்றாவதாகிய ‘வி’ சுருக்குதல் என்னும் வினையையும், நான்காவதாகிய ‘சி’ கழுத்தையும், ஐந்தாவதாகிய 7 இயற்கை வாயில் வழியையும் காட்டும். ஈற்றில் நிற்கும் இரண்டு ‘இசட்’ எழுத்துகளும் தனிக்கருவியும் வேறு அடையும் இல்லை என்பதைக் காட்டும். பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துணரப் பழகிய தமிழ் மாணாக்கர்க்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். முன்னர் இருமுறை வலியின்றிக் கருவிழந்த மாது ஒருத்திக்கு மருத்துவர் கழுத்துத் தளர்ச்சி எனத் துணிந்து 13-ஆம் வாரத்தில் மெக்டொனால்ட் முறைத் தையல் இட்டார் என்க. நோய்க்குறி ஓ 34.31, வாரக்குறி இசட் 3ஏ.13, செயற்குறி 59320. அவளே 20-ஆம் வாரத்திற் சோதனைக்கு வந்துழி, நோய் ஒன்றேயாயினும் குறி ஓ 34.32 ஆகும். 36-ஆம் வாரத்தில் நூல் நீக்க வந்துழி ஓ 34.33 ஆகும். இவையாவும் தாயின் பதிவுக்கே உரியன. பிறந்த மகவின் பதிவில் ‘ஓ’ முதற் குறிகளை இடுதல் மரபன்று.

பிழை நேர்ந்தால் யாது கேடு? நோய் தளர்ச்சியாக இருப்பவும் குறுங்கழுத்து எனக் குறியிடின், காப்பீட்டு நிறுவனம் தையலுக்குரிய காரணம் காட்டப்படவில்லை எனப் பொருள் தர மறுக்கலாம். பொருட்சுமை தாயின்மேல் வீழும். வெறும் குறுங்கழுத்தைத் தளர்ச்சி எனக் குறியிடினோ, அத்துணிபு அவள் பதிவில் நிலைத்து நின்று, அடுத்த கருப்பத்தில் வேண்டாத தையலுக்கு ஏதுவாகலாம். காலம் குறியாது ஓ 34.30 என விடுத்தால் நோய் எப்போது தோன்றிற்று என்னும் செய்தியே மறையும். ஆகவே குறியீட்டாளர் ஸ்கேன் அளவைத் தாமே கண்டு நோயைத் துணிதல் கூடாது. மருத்துவர் எழுதியதே அவர்க்கு மூலம். மூலம் ஐயுறத்தக்கதாயின் மருத்துவரை வினாவித் தெளிதல் வேண்டும். ஏட்டுச் சுவடியிற் சொல் ஐயுற்றவழித் தம் விருப்பப்படி திருத்தாது பிற சுவடி தேடும் பதிப்பாசிரியர் நெறியே குறியீட்டாளர் நெறியுமாம்.

6. பெயர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இந்நோய்க்கு ஆங்கிலத்திற் பண்டு வழங்கிய பெயர் ‘இன்காம்பிடென்ஸ்’ என்பது. தகுதியின்மை, திறமையின்மை என்பன அதன் பொருள். அலுவலகத்தில் வேலை தெரியாதவனை இகழும் சொல்லும் அதுவே. மருத்துவர் இப்போது அதனை விடுத்து ‘இன்சஃபிஷியன்சி’, அதாவது போதாமை, எனப் பெரிதும் எழுதுகின்றனர். ஆயினும் குறியீட்டுப் பட்டியலில் ஓ 34.3 என்பதற்கு நேரே பழைய சொல்லே நிற்கின்றது. அவ்வாறே, தானே நேர்ந்த கருச்சிதைவுக்கும் ‘அபார்ஷன்’ என்னும் சொல்லே அப்பட்டியலில் அடைபெற்று வழங்குகின்றது. 2021 முதல் அமெரிக்க நோயாளர் தம் பதிவுகளைத் தாமதமின்றிக் கணினிவழிக் காணும் உரிமை பெற்றுளர். மகவை இழந்து வீடு திரும்பிய தாய் அப்பதிவைத் திறந்துழி, தன் உறுப்பு தகுதியற்றது என்னும் சொல் அவள் கண்ணிற் படுமன்றோ?

குறி இடுகுறிப்பெயர் போன்றது. ஓ 34.32 என்பது யாரையும் புகழ்வதுமில்லை, பழிப்பதுமில்லை. பழிப்பது அதன் பக்கத்தில் எழுதிய சொல்லே. பட்டியலிலுள்ள சொல்லைக் குறியீட்டாளர் மாற்ற இயலாது. மாற்றத் துணிதலும் முறையன்று. ஆனால் நோயாளியோடு உரையாடும் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், நூல் எழுதுவார்க்கும், மொழிபெயர்ப்பார்க்கும் சொல்லைத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டு. ஆங்கிலச் சொல்லை அவ்வாறே பெயர்த்துத் ‘தகுதியின்மை’ எனத் தமிழில் வழங்கினால், நம் இல்லங்களில் முன்னரே உள்ள பழிக்கு மருத்துவமும் ஒரு சான்று கூறியதாக முடியும். ஆதலின் யாம் இக்கட்டுரை முழுதும் ‘தளர்ச்சி’ என்னும் சொல்லையே ஆண்டோம். கட்டுத் தளர்வது கட்டின் குற்றமன்று. இறுகக் கட்டினால் அது மீட்டும் தாங்கும். நோயின் இயல்பையும் மருத்துவத்தின் இயல்பையும் அச்சொல் ஒருங்கே உணர்த்துகின்றது. இதனினும் நல்ல சொல் அறிந்தார் கூறுவராயின் மகிழ்ந்து ஏற்போம்.

முடிபுரை

இதுகாறும் கூறியவற்றால், கழுத்துத் தளர்ச்சி என்பது தாயின் செயலால் வருவதன்று என்பதும், வலியின்றி வருதலின் விழிப்பு வேண்டும் என்பதும், வரலாறும் அளவும் காட்சியும் கொண்டு அறியப்படும் என்பதும், தையலும் மருந்தும் உரியார்க்கு உரிய காலத்திற் பயன்தரும் என்பதும், குறியீடு திருத்தமாக அமைதல் தாயின் பொருளையும் பின்வரும் மருத்துவத்தையும் காக்கும் என்பதும் இனிது விளங்கும்.

நம் கல்லூரியினின்று வெளியேறுவாருட் சிலர் மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம், சிலர் முன்னுரைத்த குறியீட்டுத் தொழிலில் அமரலாம், ஏனையோர் அனைவரும் குடும்பத்தினராக வாழ்வர். மருத்துவர் நோயை உள்ளவாறு எழுதுக; குறியீட்டாளர் எழுதியவாறு குறியிடுக; குடும்பத்தார் பழியாது உடனிருக்க. தாயின் வயிற்றில் மறைவாய் உருவாகும் உயிரையும் அறிந்து பேணுபவர் இறைவன் என்பது நம் விசுவாசம். அவ்வுயிரை இழந்து அழும் தாயை அறிந்து பேணுதல் அவர் நம்மிடம் ஒப்புவித்த கடமையாகும்.